காற்று பார்க்கும் டப்பா

ஏற மாட்டாயா? ஏறாதே. நடந்து வா. நாவலூரிலிருந்து செங்கல்பட்டுக்கு, ஏழு மாத வயிற்றைத் தள்ளிக்கொண்டு, இரண்டு கையிலும் வளையல் குலுங்க, திருப்போரூர் வழியாக நடந்தே வா. நான் பின்னாலேயே வண்டியை உருட்டிக்கொண்டு வருகிறேன். வழியில் கேட்கிறவர்களிடம், எங்கள் வீட்டுப் பெண்ணுக்கு என் டயர் மேல் நம்பிக்கை இல்லை, அதனால் காலாற வருகிறாள் என்று சொல்லிக்கொள்கிறேன். கார் பழசாகிவிட்டால் அதன் நான்கு சக்கரத்துக்கும் மூக்குத்தி குத்தித்தான் ரோட்டில் விட வேண்டும் என்று எந்த ஊரில் சட்டம் இருக்கிறது, கலை? நேற்றுப் போனில் நீ பேசின பேச்சுக்கு எனக்கு அப்போதே பதில் வந்தது. ஆனால் நம் இருவருக்கும் ஒரே நேரத்தில் பேசித்தான் பழக்கம். நீ சொன்னது எனக்கு விளங்கவில்லை, நான் சொன்னது உனக்கு விளங்கியிருக்காது. கடைசியில் ஒன்றுதான் தெளிவாகக் கேட்டது. "நைனா, நான் அனுப்பின டப்பாவ மாட்டினாதான் உன் வண்டியில குந்துவேன். இல்லனா நான் இங்கியே இருந்துக்கறேன், போ." அதற்குத்தான் இந்தக் கடிதம்.

வெள்ளிக்கிழமை உன் மாமியார் வீட்டில் வளைகாப்பு. வளையல் அடுக்கி, கலந்த சாதம் போட்டு முடித்ததும், தலைப் பிரசவத்துக்குப் பெண்ணைப் பிறந்த வீட்டார் அழைத்துக்கொண்டு வர வேண்டும். அப்பன் ஓட்ட, ஆத்தாள் பக்கத்தில் உட்கார, நீ பின்சீட்டில் காலை நீட்டிக்கொண்டு வர வேண்டும் என்று நான் நினைத்துவைத்திருக்கிறேன். நினைத்ததோடு நிற்கவில்லை. டீக்கடையில் சொல்லிவிட்டேன், ரேஷன் கடை வரிசையில் சொல்லிவிட்டேன். உன் சித்தப்பன், "வாடக வண்டி சொல்லிட்டியா அண்ணாத்த?" என்று கேட்டபோது, கல்பாக்கத்து ஸ்டாஃப் பஸ்ஸைத் தலை நரைக்கிற வரை ஓட்டினவன் பெற்ற பெண்ணை வாடகை வண்டியில் ஏற்றுவானா என்று திருப்பிக் கேட்டேன். இத்தனை பேரிடம் சொன்ன பிறகு நீ ஏற மாட்டேன் என்றால் என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது? அதனால் இது வெறும் டயர் விஷயம் இல்லை. வெள்ளிக்கிழமை அந்த ஸ்டியரிங்கில் நான் இருப்பேனா இல்லையா என்கிற விஷயம்.

உன் அம்மா எதிரில் உட்கார்ந்து வெள்ளிக்கிழமைக்கு வாங்கின கண்ணாடி வளையல்களை அளவு பார்த்து நூலில் கோத்துக்கொண்டிருக்கிறாள். அவளுடைய மூக்குக்கண்ணாடி பிரேம் உடைந்து கடையில் கிடக்கிறது. ஆகவே ஒவ்வொரு வரியையும் எழுதி எழுதி நான் அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்று உத்தரவு. நான் எதையாவது எழுதாமல் விட்டுவிடுவேன் என்று அவளுக்குச் சந்தேகம். இவ்வளவு நாள் குடும்பம் நடத்தினதில் அவள் என்னைப் பற்றித் தெரிந்துகொண்டது அவ்வளவுதான். மேலே எழுதினதைப் படித்தேன். "சொம்மா சுத்தி சுத்தி வராதய்யா. கால் விஷயத்த எழுது," என்கிறாள். எழுதத்தான் போகிறேன். முதலில் டயர், பிறகு கால். எல்லாவற்றுக்கும் ஒரு வரிசை இருக்கிறது.

நீ அனுப்பின பார்சலைப் பிரித்துப் பார்த்தேன். நான்கு கறுப்பு மூடி. டயரில் காற்றடிக்கிற வால்வின் வாயில் இருக்கும் சின்ன மூடியைக் கழற்றிவிட்டு இதைத் திருகி மாட்ட வேண்டுமாம். கூடவே ஒரு டப்பா, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. அதை முன்கண்ணாடிக்குக் கீழே ஒட்டிவைத்தால் வெயிலில் தானாகவே சார்ஜ் ஏறி, எந்தச் சக்கரத்தில் எவ்வளவு காற்று இருக்கிறது என்று நம்பர் காட்டுமாம். குறைந்தால் கத்துமாம். கத்துவதற்கு ஏற்கெனவே வண்டியில் ஒரு ஆள் பக்கத்து சீட்டில் வருகிறதே என்று சொன்னேன். உன் அம்மா வளையல் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்கே தெரியும்.

சரி, விளையாட்டை விட்டுவிட்டுச் சொல்கிறேன். நம் வண்டிக்கு இது அவசியமா? அவசியம் இல்லை. புது வண்டிகளில் கம்பெனியிலேயே சக்கரத்துக்கு உள்ளே வைத்துக் கொடுத்துவிடுகிறார்கள், அது வேறு கதை. நம் வண்டியின் வால்வு பழைய ரப்பர். அதன் நுனியில் கனமாக ஒன்றை மாட்டினால் சக்கரம் சுற்றும்போது அது இழுத்துக்கொண்டே இருக்கும். ரப்பர் வெடிப்பு விட்டிருந்தால் அந்த இடத்திலேயே காற்று கசியும். காற்று போகிறதா என்று பார்க்க மாட்டினதே காற்றை விட்டுவிடும். மகாபலிபுரம் பக்கம் போய்வருகிற வண்டிக்கு இன்னொரு பேஜாரு, உப்புக்காற்று. மூடியும் வால்வும் பூத்துப்போய் ஒன்றோடு ஒன்று பிடித்துக்கொண்டால், காற்றடிக்கக் கழற்றும்போது வால்வே கையோடு வந்துவிடும். அப்புறம் ஸ்டெப்னி. மாற்றுச் சக்கரத்துக்கு உன் பார்சலில் மூடி இல்லை. நான்கு பேருக்குக் காவல் போட்டுவிட்டு ஐந்தாவது ஆளை டிக்கியில் அநாதையாக விட்டிருக்கிறாய். அதோடு அந்த டப்பா காற்றைத்தான் சொல்லும். டயருக்கு வயசாகிவிட்டதா, பக்கவாட்டில் பாளம் பாளமாக வெடித்திருக்கிறதா என்பதைச் சொல்லாது. அதற்குக் குனிந்துதான் பார்க்க வேண்டும். காலையில் வண்டி ஓடிச் சூடாவதற்கு முன்னால் வாரம் ஒருதரம் காற்று பார்த்து, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் போதும். உன் வண்டிக்கும் அதைச் செய். உன் புருஷனைச் செய்யச் சொல்லாதே, அவருக்கு டிக்கி எந்தப் பக்கம் திறக்கும் என்பதே சந்தேகம்.

இதையெல்லாம் உன் மாமியாரிடமும் சொன்னேன். நீ வக்கீலாக வைத்திருப்பது அவரைத்தானே. சம்மந்தி அம்மா புடவைக்குக் கீழே ஷூ போட்டுக்கொண்டு, சாவியைத் தொடுவதற்கு முன்னால் சீட் பெல்ட்டைத் தொட்டு, இரண்டு கண்ணாடியையும் திருத்தி, அதற்குப் பிறகுதான் வண்டியைக் கிளப்புவார். அதற்குள் நான் மகாபலிபுரம் போய் இளநீர் குடித்துவிட்டுத் திரும்பிவிடுவேன் என்று ஒருமுறை அவர் முகத்துக்கு நேராகவே சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "போயிட்டு வாங்க சம்மந்தி, நாம ரெண்டு பேருமே நல்லபடியா வந்து சேருவோம்ல," என்றார். டப்பாவைப் பற்றிக் கேட்டதற்கும் அப்படித்தான், அடித்த மாதிரியும் இல்லை, அடிக்காத மாதிரியும் இல்லை. "பழைய வண்டிக்குக் கட்டாயம்னு இல்ல சம்மந்தி. வாரா வாரம் காத்து பாத்தா போதும்தான். மெதுவா இறங்குற பஞ்சர்தான் கண்ணுக்குத் தெரியாது, அதுக்கு இது நல்லது. நீங்க வாரா வாரம் பாக்கறீங்கல்ல?" என்றார். பார்க்கிறேன் என்றேன். உன் அம்மா அந்த நேரம் பார்த்து இருமினாள்.

மெதுவாக இறங்குகிற பஞ்சர் கண்ணுக்குத் தெரியாதுதான். என் காலுக்குத் தெரியும். எங்கள் ஸ்டாஃப் பஸ் ஆட்கள் எல்லோருமே ஏறினதும் செருப்பைக் கழற்றி சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு வெறுங்காலால்தான் ஓட்டுவோம். குதிகால் தரையில் பதிந்திருக்கும், விரல் பெடலில் இருக்கும். ஒரு சக்கரத்தில் காற்று குறைந்தால் தரை வேறு மாதிரி அதிரும். எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சாம்பாரில் உப்பு குறைந்தால் எப்படித் தெரிகிறதோ அப்படி. உனக்கு நினைவிருக்கும், முதல் வேலைக்கு இன்டர்வியூ என்று உன்னை நாவலூருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சிங்கப்பெருமாள் கோயில் தாண்டுவதற்குள் வண்டியை ஓரம் கட்டினேன். பின்பக்கம் வலது சக்கரம் சரியில்லை என்றேன். நீ இறங்கி வந்து புது ஷூவால் அதை ஓர் உதை உதைத்தாய். "கல்லு மாதிரி கீது நைனா! இன்னிக்குன்னு பாத்து ஏன் நைனா இப்டி பண்ற?" என்று கத்தினாய். பஞ்சர் கடைக்காரர் சக்கரத்தைக் கழற்றித் தொட்டித் தண்ணீரில் முக்கினார். ஒன்றும் வரவில்லை. அவரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அப்புறம் ஒரே ஒரு காற்று முட்டை வந்தது, கடுகளவு. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. உள்ளே ஆணி. நீ போய் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டாய். இன்டர்வியூவில் பஸ் பிரேக்டவுன் ஆகிவிட்டது என்று புளுகினாயாம், வேலையும் கொடுத்தார்கள். இப்போதும் உன் ஆபீசில் யாருக்காவது அந்தப் பஸ் நம்பர் தெரியுமா?

அந்தக் காலை வைத்துக்கொண்டுதான் நான் உன்னோடு சண்டை போட்டேன். டப்பா எதற்கு, என்னிடம் கால் இருக்கிறது என்று. "இப்பத்தான் வழிக்கி வர," என்கிறாள் உன் அம்மா.

போன மாதம் கத்திரி வெயிலில் உன் பெரியம்மாவுக்கு வளைகாப்பு சொல்லிவிட்டு வர மகாபலிபுரம் போனோம் அல்லவா? திரும்பும்போது டயர் பஞ்சர் என்று உன் அம்மா உனக்குப் போனில் சொன்னாள். அவ்வளவுதான் சொன்னாள். அதற்கே நீ பார்சல் அனுப்பிவிட்டாய். மீதியை நான் சொல்கிறேன். திருக்கழுக்குன்றம் வருவதற்குப் பாதி வழியில் உன் அம்மா, "யோவ், வண்டி ஒரு பக்கமா சாஞ்சிகினு போற மாதிரி கீதே," என்றாள். ரோடு அப்படி என்றேன். கொஞ்ச தூரம் போனதும், "இன்னாய்யா, தடதடன்னு கேக்குது?" என்றாள். பெரியம்மா கொடுத்தனுப்பின பலாப்பழம் டிக்கியில் உருளுகிறது என்றேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, கலை. நான் பொய் சொல்லவில்லை. வெறுங்கால் தரையில்தான் இருந்தது, தரை எப்போதும் போலத்தான் இருந்தது. சாலையோரம் இளநீர் விற்கிற அம்மாள் ஒருத்தி கையில் கத்தியோடு ரோட்டுக்கே ஓடிவந்து கையைக் காட்டினாள். "அண்ணாத்த! பின்னாடி டயரு அப்டியே படுத்துகினு கீது, எங்கய்யா ஓட்டினு போற?" என்றாள். இறங்கிப் பார்த்தால் இடதுபக்கச் சக்கரம் ரிம்மில் உட்கார்ந்திருந்தது. டயர் கந்தல். வெகுதூரம் அப்படியே ஓட்டியிருக்கிறேன்.

இறங்கின அவசரத்தில் செருப்பை மாட்டவில்லை. நல்ல உச்சி வெயில், தார் ரோடு. ஜாக்கி வைத்து, நட்டைக் கழற்றி, ஸ்டெப்னியை மாட்டினேன். அதிலும் பாதிக் காற்றுதான் இருந்தது, அதற்கும் வசவு வாங்கினேன். நடுவில் அந்த இளநீர்க்காரம்மாள், "இன்னாய்யா, காலு சுடல?" என்று கேட்டாள். பழக்கப்பட்ட கால் என்று பெருமையாகச் சொன்னேன். அவள் தன் கடை நிழலில் இருந்த கோணிப்பையை எடுத்து வந்து என் காலடியில் போட்டாள். நான் அதன் மேல் ஸ்பேனரை வைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். உன் அம்மா அடுப்படியிலிருந்து வந்தவள் அப்படியே நின்றாள். "யோவ், தரையெல்லாம் இன்னா ஈரம்?" என்றாள். வாசலில் கால் கழுவிக்கொண்டு வந்தேன் என்றேன். "நீ கழுவி எவ்ளோ நேரமாவுது? இன்னும் காயலியா?" என்று கேட்டுக்கொண்டே குனிந்து என் காலைப் பிடித்துத் திருப்பினாள். உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம். பாதி உடைந்து, நான் நடந்த இடமெல்லாம் நீர். இரண்டு காலும் அப்படித்தான். அவள் தொட்டுப் பார்த்தாள், அழுத்தியும் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். நான் டிவியைப் பார்த்தேன். அவள் திட்டவில்லை, அதுதான் எனக்குக் கொஞ்சம் என்னமோ போல இருந்தது. பயம் என்று சொல்ல முடியாது. வேறு யாருடைய காலையோ அவள் மடியில் வைத்துக்கொண்டு துடைக்கிற மாதிரி இருந்தது. நான் வேடிக்கை பார்த்தேன்.

எனக்குச் சர்க்கரை இருப்பது உனக்குத் தெரியும். மாத்திரை போடுகிறேன், வெல்லமும் போட்டுக்கொள்கிறேன், அதுவும் உனக்குத் தெரியும். காலில் அப்பப்போ எறும்பு ஊறுகிற மாதிரி இருந்தது. அப்புறம் ஊறவில்லை. சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் காலையில் செங்கல்பட்டு டாக்டர் அம்மாவிடம் போனோம். கட்டுப் போட்டு அனுப்பினார், புண் ஆறினதும் வரச் சொன்னார். ஆறின பிறகு போனபோது, மல்லாந்து படுங்க, கண்ணை மூடுங்க என்றார். அவர் கையில் மீன் பிடிக்கிற நரம்பு மாதிரி ஒரு நூல், ஒரு கைப்பிடியில் செருகியிருந்தது. அதால் உள்ளங்காலில் அங்கங்கே தொடுவாராம், தொட்டது தெரிந்தால் நான் 'ம்' சொல்ல வேண்டுமாம். பரீட்சை என்றால் எனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே ஒரு வழி இருக்கிறது. விடை தெரியாவிட்டால் பக்கத்தில் இருப்பவன் எழுதுகிற வேகத்துக்குப் பேனாவை ஓட்டிக்கொண்டிருப்பேன். அதே மாதிரி கொஞ்சம் விட்டு ஒரு 'ம்', இன்னும் கொஞ்சம் விட்டு ஒரு 'ம்', நடுவில் ஒருமுறை கூச்சத்தில் காலை இழுத்துக்கொள்கிற மாதிரிகூடச் செய்தேன். "பெரியவரே," என்றார் டாக்டர் அம்மா, "நான் இன்னும் தொடவே ஆரம்பிக்கல."

கண்ணைத் திறந்தேன். டாக்டர் அம்மா சிரிக்கவில்லை. உன் அம்மாவும் சிரிக்கவில்லை. நல்ல ஜோக், யாரோ ஒருவராவது சிரித்திருக்கலாம். பிறகு அவர் நிஜமாகவே தொட்டாராம். எப்போது ஆரம்பித்தார், எப்போது முடித்தார் என்று எனக்குத் தெரியாது. இனி வெறுங்காலோடு வீட்டுக்குள்கூட நடக்கக் கூடாது, தினமும் ராத்திரி யாராவது உள்ளங்காலைப் பார்க்க வேண்டும் என்றார். வண்டி ஓட்டுவீங்களா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் உன் அம்மா, "வெள்ளிக்கிழம புள்ளத்தாச்சிப் பொண்ண இட்டாரணும்மா, நாந்தான் ஓட்டுவேன்னு ஊரெல்லாம் சொல்லிகினு கீறாரு," என்று போட்டுக் கொடுத்தாள். டாக்டர் அம்மா பேனாவை மூடிவைத்துவிட்டு, "பிரேக்ல கால் இருக்கா, ஆக்ஸிலேட்டர்ல இருக்கான்னு உங்களுக்குப் பாக்காம தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன். அவர் மருந்துச் சீட்டில் ஏதோ எழுதினார். என் கையெழுத்தைவிட மோசம்.

இதை உன்னிடம் சொல்லக் கூடாது என்று உன் அம்மாவிடம் சத்தியம் வாங்கினேன். பிள்ளை வயிற்றோடு இருக்கிறவளுக்குக் கவலை கொடுக்காதே என்று காரணமும் சொன்னேன். நல்ல காரணம்தானே? அவளும் இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை. நேற்று நீ போனில் டப்பாவுக்காகச் சண்டை போட்டபோதுதான், "அவ ஒண்ணும் தெரியாம அந்த டப்பாவப் புடிச்சிகினு தொங்கறா. அத்த மாட்டிட்டா அவ நம்பி ஏறிடுவா. அது இன்னும் மோசம். நீயே எழுதிடு, இல்ல நான் போன் பண்றேன்," என்றாள். நீ போனில் அழுதால் நான் என்ன பேசுவது? அதனால் எழுதுகிறேன். படித்துவிட்டு அழுவதானால் அழு. ஆனால் உட்கார்ந்துகொண்டு அழு.

இன்று காலை ஒன்று செய்தேன். இது உன் அம்மாவுக்கும் இப்போது படித்துக் காட்டும்போதுதான் தெரியும். அவள் பால் வாங்கப் போன நேரத்தில் உன்னுடைய நான்கு மூடியையும் எடுத்துப்போய் மாட்டினேன். டப்பாவை ஒட்டினேன். உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். டப்பா கண்ணைத் திறந்து நான்கு சக்கரத்துக்கும் நம்பர் காட்டியது. எல்லாம் சரியாக இருந்தது. பின்னால் ஒன்றில் கொஞ்சம் குறைவு, அதையும் சொன்னது. நல்ல பொருள்தான், வீணாகப் பணம் போடவில்லை நீ. வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. நான் கண்ணை மூடிக்கொண்டு காலைப் பிரேக்கில் வைத்தேன். எடுத்து ஆக்ஸிலேட்டரில் வைத்தேன். மறுபடி பிரேக். டாக்டர் அம்மா கேட்டதை எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். இப்போது எதில் இருக்கிறது? பிரேக் என்றேன். குனிந்து பார்த்தேன். ஆக்ஸிலேட்டரில் பாதி, தரையில் பாதி இருந்தது. கோபமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. டப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு நம்பரும் அசையாமல் இருந்தன. பால் வாங்கிக்கொண்டு உன் அம்மா தெருமுனையில் வருவது தெரிந்ததும் சாவியை எடுத்துவிட்டு இறங்கினேன்.

இதைப் படித்தபோது உன் அம்மா வளையலைக் கோப்பதை நிறுத்திவிட்டாள். "அப்புறம்?" என்றாள். அப்புறம் ஒன்றும் இல்லை என்றேன். "இன்னா முடிவு பண்ண?" என்றாள். எழுதுகிறேன், கேள் என்றேன்.

முடிவு இதுதான், கலை. நீ பதறாமல் படி. அந்த டப்பா இருக்கட்டும், கழற்ற மாட்டேன். வெள்ளிக்கிழமை டிராஃபிக் இல்லாத நேரமாகப் பார்த்துக் கிளம்புவோம். கேளம்பாக்கம் வரை கூட்டமாக இருக்கும், அதைத் தாண்டினால் ரோடு நம்முடையது. ஆமை மாதிரி ஊர்ந்துகொண்டு போவேன். எவன் ஹாரன் அடித்தாலும் வழி விட்டுவிடுவேன், திட்டக்கூட மாட்டேன். உன் மாமியார் தன் வண்டியில் பின்னாலேயே வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. டயரை டப்பா பார்த்துக்கொள்ளும். ரோட்டை நான் பார்த்துக்கொள்கிறேன். கால் எதில் இருக்கிறது என்பதுதானே சந்தேகம், அதற்கும் யோசித்துவைத்திருக்கிறேன். உன் அம்மா முன்சீட்டில் உட்கார்ந்து கீழே என் காலையே பார்த்துக்கொண்டு வரட்டும். பிரேக்கில் இருந்தால் பிரேக் என்று சொல்லட்டும், ஆக்ஸிலேட்டரில் இருந்தால் ஆக்ஸிலேட்டர் என்று சொல்லட்டும். இத்தனை வருஷமாக நான் எங்கே காலை வைக்கிறேன் என்று பார்த்துக்கொண்டுதானே இருந்தாள். ஆகையால் வெள்ளிக்கிழமை நானே

இந்த இடம் வரை எழுதிப் படித்துக் காட்டினேன். உன் அம்மா எழுந்துவிட்டாள். மடியிலிருந்த வளையலையெல்லாம் முறத்தில் கொட்டினாள். "நீ எழுது. நல்லா எழுது," என்றாள். அலமாரி மேல் இருந்த போனை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போகிறாள். உட்காரடி, இன்னும் இருக்கிறது என்றேன். காதில் வாங்கவில்லை. அவள் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள் என்பது உனக்குத் தெரியுமே. உன் மாமியார் குரல் கேட்கிறது. உன் அம்மா சுற்றி வளைக்கவில்லை. "சம்மந்தி அம்மா, அவருக்குக் காலு மரத்துப் போச்சு. மொத நாளே வந்து எங்க வண்டிய எடுத்துகினு போயி, வெள்ளிக்கிழம நீங்கதான் ஓட்டினு வரணும்," என்கிறாள்.

"எப்போலேர்ந்துங்க?" என்கிறார் உன் மாமியார். அதற்குப் பிறகு, "அதுக்கென்ன, ஓட்டறேன். ஆனா பொறந்த வீட்டுக்கு அழைச்சிட்டுப் போறப்ப நான் கூட வரலாமா? வழக்கம் இல்லையே. சம்மந்தி வருத்தப்பட மாட்டாரா?" என்கிறார்.

"டிரைவரா வாங்க," என்கிறாள் உன் அம்மா. "சம்மந்தியா வர வேணாம். சாயங்காலம் காப்பி குடுத்து பஸ் ஏத்தி வுட்டுடறேன்."

இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். பேனா என் கையில்தான் இருக்கிறது. மேலே பாதியில் நிற்கிற வரியை நான் அடிக்கவில்லை, முடிக்கவும் இல்லை. இப்போது யார் எங்கே உட்காருவது என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். முன்னால் உன் அம்மாவாம். என்னைப் பின்னால் உன் பக்கத்தில் உட்காரவைக்கிறார்களாம், நீ என் மேல் சாய்ந்துகொள்ள வசதியாக இருக்குமாம். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடியே, கடிதம் முடியவில்லை, வந்து கேட்டுவிட்டுப் போ என்று வாசலைப் பார்த்துக் கூப்பிட்டேன். அவள் ஸ்பீக்கரை அணைத்துவிட்டுப் போனைக் காதோடு வைத்துக்கொண்டு, கேட்டைத் திறந்து, தெருவில் இறங்கி நடந்துவிட்டாள்.